இலக்கணம் கற்றோம், இலக்கியம் படித்தோமா?

அரபு மொழி கற்க வரும் தமிழ் முஸ்லிமிடம் ‘எதற்காகக் கற்க விரும்புகிறீர்கள்?’ என்று வினவினால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றே வரும். இறைமறையையும் நபிமொழியையும் மூலத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. வளைகுடா நாடுகளில் பணிபுரியும்போது உதவும் என்பது மற்றொன்று. முன்னது ஈருலகப் பயன் தருவது. பின்னது வீட்டில் அடுப்பெரிய உதவுவது. இரண்டையும் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால், அரபியரின் கவிதையையும் கதையையும் படித்து இன்புற வேண்டும் என்னும் மூன்றாவது விடையை, நமது இருபத்தெட்டு ஆண்டு ஆசிரியப் பணியில் இருவரிடமிருந்தே கேட்டிருக்கிறோம்.

அவ்விருவரில் ஒருவர் முஸ்லிம் அல்லர். கீழ்பென்னாத்தூரில் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் வசித்த தமிழாசிரியர். கவிமணியின் உமர் கய்யாம் பாடல்களில் தோய்ந்திருந்த அவர், ஒருநாள் மாலை நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, ‘கய்யாமை மூலத்தில் படிப்பதற்கு அரபியில் எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் ஹஜ்ரத்?’ என்று கேட்டார். கய்யாம் ருபாயியாத்தைப் பாடியது பாரசீக மொழியில். அவர் அரபியில் எழுதியது அல்ஜீப்ரா என்று நாம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. ஆயினும் நான்கு மாதம் விடாமல் வந்து எழுத்துகளைப் பயின்றார். பின்னர் பணிமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார்.

அவர் விரும்பிய கய்யாம் தமிழுக்கு வந்த வழியும் இத்தகைய ஒரு வேட்கையின் வழிதான். எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1809இல் பிறந்தவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே, தம்மினும் இளையவரான நண்பர் கவல் என்பாரிடம் பாரசீகம் கற்கத் தொடங்கினார். அவருக்குப் பாரசீகத்தால் ஆக வேண்டிய காரியம் எதுவுமில்லை, பதவியில்லை, வாணிபமில்லை. படிக்க ஆசைப்பட்டார், அவ்வளவே. கவல் கல்கத்தாவுக்குப் பணியாற்ற வந்தபோது அங்கிருந்த கய்யாம் ஏட்டின் படியை எழுதுவித்து அனுப்பினார். 1859இல் ஆங்கில ருபாயியாத் பெயர் போடாமல் வெளிவந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்தது நேரான மொழிபெயர்ப்பன்று. வெட்டியும் ஒட்டியும் தம் மனம்போல் கோத்தார் என்பதை அம்மொழி அறிந்தோர் அனைவரும் கூறுவர். கவிமணியோ அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கினார். இரண்டு கை மாறிய பிறகும் ஒரு தமிழாசிரியரை மூலத்தைத் தேடி நம் திண்ணை வரை வரச் செய்தது என்றால் கவிதையின் ஆற்றலை என்னென்பது!

அவருடைய ஏமாற்றம் நமக்கு ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. இலக்கியத்தைப் படிப்பதற்காகவே ஓர் அந்நிய மொழியைக் கற்கும் தாகம் அவரிடம் இருந்தது. ஏழாண்டுகள் மதரஸாவில் அரபு ஓதிய நம்மிடம் அது இருந்ததா?

நாம் ஓதிய மதரஸாவில் ஐந்தாம் ஆண்டில் முஅல்லகாத் எனப்படும் ஏழு நெடும்பாடல்களை ஸவ்ஸனீயின் விரிவுரையோடு தொடங்கினார்கள். முதற்பாடல் இம்ரவுல் கைஸுடையது. அதன் முதற்சொல் ‘கிஃபா’. ‘நீங்கள் இருவரும் நில்லுங்கள்’ என்பது பொருள். அரபியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்றோர் எண் உண்டு. எனவே எழும் வினா: கவிஞனோடு வந்தவர் உண்மையில் இருவர்தாமா? ஆம், இருவரே என்பது ஒரு விளக்கம். ஒருவரே வந்தார், ஆனால் பயணத்தில் ஒட்டகம் மேய்ப்பவரும் ஆடு மேய்ப்பவருமாக இருவர் உடன்வருவது வழக்கமாதலால் ஒருவரையும் இருமையில் விளிப்பது அரபியர் மரபு என்பது இரண்டாம் விளக்கம். அது இருமையே அன்று. அழுத்தம் காட்டச் சேர்க்கப்படும் ‘நூன்’ என்னும் எழுத்து ‘அலிஃப்’ ஆகத் திரிந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மறுப்புகளோடும் மறுப்புக்கு மறுப்புகளோடும் நம் ஆசிரியர் இரண்டு நாட்கள் விளக்கினார்கள். மூன்றாம் நாள் அடுத்த சொல்லுக்குச் சென்றோம். அவன் எதற்காக நிற்கச் சொன்னான், யாரை எண்ணி அழுதான் என்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

ஆசிரியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அன்னார் கற்ற முறைப்படியே கற்பித்தார்கள். அம்முறைக்கு நியாயமும் உண்டு. இறைமறையில் அரிதாக வரும் சொல்லுக்குப் பொருள் தேட வேண்டின் பழைய அரபுக் கவிதையில் தேடுங்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். இலக்கண நூலாரும் ஏறத்தாழ ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டு வரையிலான கவிதையையே விதிகளுக்குச் சான்றாக ஏற்றனர். ஆகக் கவிதை நம் பாடத்திட்டத்திற்குள் சாட்சியாக வந்தது. சாட்சியிடம் நாம் கேட்பது வழக்கிற்கு வேண்டிய செய்தியை மட்டுமே. அவனுடைய சுகதுக்கத்தை யார் விசாரிக்கிறார்கள்?

ஹரீரியின் மகாமாத்தும் இப்படித்தான் ஆயிற்று. ஐம்பது கதைகள் கொண்ட அந்நூலின் நாயகன் அபூஸைத் அஸ்ஸரூஜி ஒரு நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன். முதற்கதையில், உலக இன்பங்களை வெறுக்கச் சொல்லி ஊரார் கண்ணீர் விடும்படி உபதேசம் செய்து பணம் பெற்றுக்கொண்டு போகிறான். பின்தொடர்ந்து சென்ற கதைசொல்லி ஒரு குகையில் எட்டிப் பார்த்தால், அங்கே அவன் வறுத்த இறைச்சியும் மதுக்கலயமுமாக உட்கார்ந்திருக்கிறான்! இதைக் காட்டிலும் நகைச்சுவை வேண்டுமா? நாம் அதை ஓதிய நாளில் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று ஒருபொருட் கிளவிகளைக் குறித்துக்கொள்வதில் முனைந்திருந்தோம்.

இன்னொரு புதுமையையும் இங்கே கூறலாம். மகாமாத்துக்கு முன்னால் நாம் ஓதிய ‘நஃப்ஹத்துல் யமன்’ என்னும் கதைத் தொகுப்பு அரபு நாட்டிலிருந்து வந்த பழம்பெரும் நூல் என்றே எண்ணியிருந்தோம். யமன் தேசத்து அறிஞர் ஷிர்வானி அதைத் தொகுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவில், ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் அரபு பயின்ற கம்பெனி உத்தியோகஸ்தர்களான ஆங்கிலேயருக்காக! வெள்ளைக்காரத் துரைமார்களின் தொடக்கப் பாடநூல் நம் மதரஸாக்களில் நிலைத்துவிட்டது.

தமிழ் மாணவனுக்கு இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. சொல்லியலுக்கு முதற்பாடமான மீஸானும், தொடரியலுக்கு முதற்பாடமான நஹ்வு மீரும் பாரசீகத்தில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு விளக்கம் உருதுவில். கையில் இருந்த அகராதியும் அரபு – உருது அகராதியே. ஆற்காடு, வேலூர்ப் பகுதி மாணவர்களுக்கு உருது வீட்டுமொழி. கீழ்பென்னாத்தூரிலிருந்து போன நமக்கு அதுவும் அந்நியமொழி. ஆக அரபு என்னும் மாளிகைக்குள் நுழையப் பாரசீகத் தாழ்வாரம். அதைக் கடக்க உருதுப் படிக்கட்டு. உள்ளே போய்ச் சேர்ந்தபோது எதற்காக வந்தோம் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. இப்போது தமிழிலேயே அரபு இலக்கண நூல்கள் வந்திருப்பது பெரும் பேறு.

இதனால் இலக்கணமே வேண்டாம் என்று கூறுவோரோடு நாம் சேரவில்லை. பேச்சு அரபியை ஒலிநாடாவிலும் இப்போது கைபேசியிலும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். இலக்கியம் அப்படி வசப்படாது. அரபு அகராதிகளில் பெரும்பாலானவை வேரெழுத்து வரிசையில் அமைந்தவை. ‘இஸ்திக்ஃபார்’ என்னும் சொல்லை அகராதியில் காண வேண்டுமானால், அதில் முன்னும் நடுவும் சேர்ந்தவற்றைக் களைந்து ‘கைன் – ஃபா – ரா’ என்னும் மூன்று வேரெழுத்துகளைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். அது தெரியாதவனுக்கு அகராதி பூட்டிய பெட்டி. உயிர்க்குறிகள் இல்லாமல் அச்சாகும் ஒரு நாவலின் பக்கத்தைச் சரியாக வாசிக்கவும் அவ்வறிவே துணை. நமது குறை இலக்கணம் மிகுந்தது அன்று, அதோடு நின்றுவிட்டது.

முதுகலைப் படிப்பின்போதுதான் நமக்கு இது உறைத்தது. மௌலானா யூசுஃப் கோகன் உமரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைமை வகித்தவர். உமராபாத்தில் 1924இல் நிறுவப்பட்ட ஜாமிஆ தாருஸ்ஸலாமில் பயின்றவர். திருக்குறளை அரபியில் பெயர்த்தவர். இக்காலத்து அரபு உரைநடையாளரையும் கவிஞரையும் பற்றி அவர் அரபியிலேயே எழுதிய நூல் மாணவர்களின் கைந்நூலாக விளங்கியது. அதன்வழியாகவே தாஹா ஹுஸைன் என்னும் பெயரை அறிந்தோம். அவருடைய தன்வரலாறான ‘அல்அய்யாம்’ நூலைத் தேடிப் பெற்று, கீழ்பென்னாத்தூருக்கு எடுத்து வந்து, விடுமுறையில் ஓர் இரவு திறந்தோம்.

முதற்பக்கத்தில் நமக்குத் தெரியாத சொல் நான்கைந்துதான் இருந்தன. ஒவ்வொரு சொல்லின் இறுதி உயிர்க்குறிக்கும் காரணம் சொல்ல முடிந்தது. ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. ‘அவன்’ என்று தொடங்குகிறது, எவன்? சுட்டுப்பெயர் வந்தால் அது சுட்டும் பெயர் முன்னதாக வந்திருக்க வேண்டும் என்பது நாம் மனப்பாடம் செய்த விதி. பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினோம். அச்சுப்பிழையோ என்றும் ஐயுற்றோம். தம்மையே ‘அவன்’ என்று படர்க்கையில் வைத்து ஒருவர் தம் கதையைச் சொல்வார் என்பது நம் இலக்கணப் பாடத்தில் இல்லை. அந்தச் சிறுவனுக்கு அது எந்த நாள் என்று நினைவில்லை. முகத்தில் பட்ட காற்றின் குளிர்ச்சியைக் கொண்டு விடியலோ அந்தியோ என்று ஊகிக்கிறான். நாம் இரண்டாம் முறை படித்தபோதுதான் உடல் சிலிர்த்தது. அவனுக்குக் கண் தெரியாது. அதை அவர் சொல்லவில்லை. நம்மை அந்த இருட்டுக்குள் நிறுத்திவிட்டார்.

அப்பக்கத்தில் ஒரு வேலி வருகிறது. சிறுவனின் உயரத்தை விஞ்சிய, இடைவெளியின்றி நெருங்கிய வேலி. அதைத் தாண்டியும் நுழைந்தும் போகும் முயல்களைக் கண்டு அவனுக்குப் பொறாமை. வேலி ‘கஸப்’ என்பதால் ஆனது. நம் ஊர்ப்பக்கம் கரும்பு மிகுதி. அகராதியில் கரும்புக்கும் அச்சொல் இருக்கக் கண்டு, கரும்பு வேலி என்றே பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தோம். எகிப்தில் கரும்பை வேலியாக நடும் அளவுக்குச் செல்வம் போலும் என்று வியந்ததும் உண்டு!

தாஹா ஹுஸைனின் வாழ்க்கையே நம் பொருளுக்கு ஒரு சான்று. 1889இல் பிறந்து, சிறு வயதிலேயே பார்வையிழந்து, கிராமத்து மக்தபில் குர்ஆனை மனனம் செய்து, அஸ்ஹரில் நம்மைப் போலவே உரைக்கு உரை ஓதியவர் அவர். பின்னர் பிரெஞ்சு கற்றார். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களில் புகுந்தார். சோஃபாக்ளிஸின் நாடகங்களை அரபியில் தந்தார். அவருடைய கருத்துகள் சிலவற்றை, குறிப்பாக இஸ்லாத்துக்கு முந்திய கவிதை பற்றி 1926இல் எழுதியவற்றை, நாம் ஏற்பதற்கில்லை. அக்கவிதைகளில் பெரும்பகுதி பிற்காலத்துப் புனைவு என்று அவர் கூறியது அளவு கடந்த ஐயம். ஆனால் அவருடைய உரைநடையைப் படிக்காமல் அரபு படித்தேன் என்று ஒருவர் சொல்வதையும் நாம் ஏற்பதற்கில்லை.

நம் முன்னோர் எல்லாரும் சாட்சி விசாரணையோடு நின்றவர் என்று எண்ணிவிடலாகாது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) (1632–1703) அவர்கள், வித்ரிய்யா என்னும் நபிபுகழ்ப் பாடலுக்குத் தக்மீஸ் பாடினார்கள். தக்மீஸ் என்பது பிறர் பாடிய ஒவ்வோர் ஈரடிக்கும் முன்னே அதே சந்தத்தில், இயைபில், பொருளோட்டத்தில் மூன்றடி சேர்த்து ஐந்தடியாக்குவது. மூலக் கவிஞனின் மூச்சு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை உணர்ந்தவரால் அன்றி இது இயலாது. அதுவும் தமிழ்ச் செவிக்கு. நம் யாப்பில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகை தொடக்கத்திலேயே காதில் விழும். அரபியில் ஒரே இயைபு பாடல் முழுதும் அடியிறுதியில் காத்திருக்கும். தொடக்கத்தில் கேட்டுப் பழகிய காதை இறுதிக்குத் திருப்புவதற்கே நம் மாணவருக்கு ஓராண்டு ஆகிறது.

அதே காலத்தவரான உமறுப்புலவருக்கு அரபு வரலாறு பிறர் வாய்வழியாகவே கிடைத்தது. சீறாப்புராணத்துக்கு வேண்டிய செய்திகளைப் பெற வள்ளல் சீதக்காதி அவரை ஸதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் அனுப்பியதும், முதலில் மறுத்த அப்பா அவர்கள் பின்னர்ப் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியாரிடம் ஆற்றுப்படுத்தியதும் வழிவழியாக வரும் செய்தி. ஆகவே இலக்கியத்தை நுகர ஊரே அரபு கற்க வேண்டும் என்பதில்லை. ஊருக்கு ஒரு ஹாஜியார் போதும். ஆனால் அவர் செய்தியோடு சுவையையும் எடுத்துச் சொல்ல வல்லவராதல் வேண்டும். இன்று நஜீப் மஹ்ஃபூஸும் பிற அரபு எழுத்தாளர்களும் தமிழுக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே. தமிழகமெங்கும் இத்தனை அரபுக் கல்லூரிகள் இருந்தும் இந்நிலை என்பது நமக்குத் தலைகுனிவு. பெயர்த்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கடமை நம்முடையது.

பாரசீகத்திலும் இதே கதைதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே போகும் பேருந்தில் ஏறினால் செஞ்சி. 1714இல் ஆற்காட்டு நவாபு சஆதத்துல்லாஹ் கானின் படையோடு பொருது தேசிங்கு ராஜன் மாண்ட கதையைக் கதைப்பாடலாக நம் பாட்டிமார் பாடக் கேட்டிருக்கிறோம். அந்நவாபின் வரலாற்றை ஜஸ்வந்த் ராய் என்னும் இந்து முன்ஷி ‘ஸயீத் நாமா’ என்று பாரசீகத்தில் எழுதியிருப்பதை ஐம்பது வயதை நெருங்கியபோதுதான் அறிந்தோம். கண்ணுக்குத் தெரியும் மலையின் கதை, நாம் ஓதிக் கைவிட்ட மொழியில் இருந்திருக்கிறது! ஆற்காட்டு வாலாஜா நவாபுகளின் வரலாறான ‘துஸகே வாலாஜாஹீ’யை முஹம்மது ஹுஸைன் நயினார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1934 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டதும், ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலை 1942இல் அரபியிலிருந்து பெயர்த்ததும் இத்துறையில் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய பணிகள்.

தமிழ் மாணவனுக்கு இயல்பாகவே அமைந்துள்ள அனுகூலம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முஅல்லகாத்துப் பாடல் ‘நஸீப்’ என்னும் பகுதியோடு தொடங்குகிறது. நம் வீடுகளில் தலைவிதியைக் குறிக்க ‘நசீபு’ என்கிறோமே, அது ‘ஸாத்’ என்னும் எழுத்தில் அமைந்த வேறு சொல். இது ‘ஸீன்’; காதலி இருந்து அகன்ற இடத்தில் நின்று இரங்குதல். மணலில் கூடாரச் சுவடு, அடுப்புக் கற்கள், மழையில் பாதி அழிந்த கால்வாய். இதை விளக்க நாம் பாலைத்திணையைத் துணைக்கழைத்தபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழில் பிரிந்தவன் சுரத்தில் போகிறான். பிரியப்பட்டவள் இல்லத்தில் இருக்கிறாள். அவன் திரும்ப ஓரிடம் உண்டு. அரபுக் கவிஞனுக்கோ பாலைதான் வீடு. அவள் கூட்டத்தார் வீட்டையே பிடுங்கிச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் வந்து நிற்பது வீடு இருந்த இடத்தில். இது விளங்கிய பின் ‘கிஃபா’ என்ற சொல்லுக்குச் சென்றோம். மூன்று விளக்கங்களையும் சொன்னோம். ‘தனியாக அழ முடியாமல் துணைக்குக் கூப்பிடுகிறான், இருவர் இருந்தால் என்ன, ஒருவர் இருந்தால் என்ன?’ என்றான் ஒரு மாணவன். ஸவ்ஸனீயின் உரையில் நாம் காணாத விளக்கம் அது.

தொடக்க மாணவருக்கு அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) அவர்களின் ‘கஸஸுன் நபிய்யீன்’ போன்றதொரு நூல் வாய்ப்பது அரிது. குறைந்த சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி நபிமார் வரலாற்றைக் கதையாகவே நடத்திச் செல்கிறார்கள். செயற்கை எதுகைநடை மட்டுமே இலக்கியமன்று, நபிமொழித் தொகுப்புகளிலும் வரலாற்று நூல்களிலும் உயர்ந்த உரைநடை புதைந்து கிடக்கிறது என்று அன்னார் வலியுறுத்தியது நமக்குக் கண்திறப்பாக அமைந்தது. அதன்படியே கஅப் இப்னு மாலிக் (ரலி) தம் வாயால் கூறும் நிகழ்ச்சியை நாம் இப்போது இலக்கிய வகுப்பில் வைக்கிறோம். ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கியவர் அவர். காரணம் ஏதுமில்லை, நாளைக்குப் புறப்படலாம் என்று நாட்களைக் கடத்திவிட்டார். நபி (ஸல்) அவர்களிடம் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். மக்கள் அவருடன் பேசுவது தடுக்கப்பட்டது. ஐம்பது இரவுகள். கடைவீதியில் நடக்கிறார், எவரும் பேசுவதில்லை. அன்புக்குரிய உறவினரின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து ஸலாம் சொல்கிறார், பதில் இல்லை. வெளிநாட்டு மன்னன் ‘எம்மிடம் வந்துவிடும்’ என்று கடிதம் அனுப்புகிறான். அதை அடுப்பில் இட்டு எரிக்கிறார். மாணவர் இதைச் சட்டம் எடுப்பதற்காக முன்பே ஓதியிருந்தனர். கதையாக ஒரே மூச்சில் வாசித்த அன்று, மணி அடித்த பிறகும் எவரும் எழவில்லை.

மூன்றாண்டுகளாக, வியாழன் இரவு இஷாவுக்குப் பின் நம் வீட்டுக் கூடத்தில் ஐவர் கூடுகிறார்கள்: ஓய்வுபெற்ற தபால்காரர், மணிலா வியாபாரி, பட்டதாரிகள் இருவர், இமாம் ஒருவர். வேரெழுத்துப் பிரிக்கும் அளவுக்கு இலக்கணம் கற்றதும் அல்அய்யாமைத் திறந்துவிட்டோம். ஓர் இரவில் அரைப்பக்கம். ‘கஸப்’ வந்தபோது நமது கரும்பு வேலிக் கதையைச் சொல்லிவிட்டு, உள்ளே துளையோ சோறோ கொண்ட எந்தத் தண்டுக்கும் அப்பெயர் பொருந்தும். ஆங்கிலத்தில் பெயர்த்தவர் மக்காச்சோளத் தட்டை என்று கொண்டார் என்றோம். மணிலா வியாபாரி சிரித்தார். ‘தட்டையில கட்டின படல்தானே ஹஜ்ரத்? எங்க கொல்லையைச் சுத்தி அதுதான் இருந்துச்சு. அடியில சந்து இருக்கும், முயல் பூந்து போகும்’ என்றார். வரும் வியாழன், வேலிக்கு அப்பால் இரவில் பாட்டோடு கதை சொல்பவனின் குரல் கேட்கும் பத்திக்கு வருகிறோம்.